தண்ணீர் கைவிரித்த பிறகு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, உப்புப் பகுப்பாய்வு வகுப்பு, அதாவது கொடுக்கும் பொடியில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. ஆய்வக உதவியாளர் ஆளுக்கொரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். என் பொட்டலத்தில் வெள்ளை மாவு. ஒரு சிட்டிகையைச் சோதனைக் குழாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். பால் மாதிரி ஆனது. சற்று நேரத்தில் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கொதிக்கவைத்தேன், அப்போதும் அதே கதை. ரெக்கார்டு நோட்டில் 'நீரில் கரையவில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் உப்பும் மணலும்தான். தண்ணீர் ஊற்று, உப்பு கரையும், வடிகட்டு, வடிநீரைச் சுண்டவை, முடிந்தது. இங்கே பொட்டலத்தில் கலந்திருந்த இரண்டு பொருளுமே மணல் கட்சி.

அந்தப் பக்கமாக வந்த உதவியாளர் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கரையலையா?"

"இல்லண்ணே."

"எதுல?"

"தண்ணியில."

"தண்ணியில கரையலன்னா விட்டுருவியா? அலமாரியில இத்தனை பாட்டில் எதுக்கு அடுக்கி வெச்சிருக்கு?"

எனக்கு அன்றைக்கு அது கிண்டலாகத்தான் பட்டது. ஆனால் கரையாத திடப்பொருள்களைப் பிரிப்பது பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. 'கரையாதது' என்று சொல்லும்போது நாம் பாதியை விழுங்கிவிடுகிறோம். எதில் கரையாது, எந்தச் சூட்டில் கரையாது, எவ்வளவு கரையாது?

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1 லிட்டர் தண்ணீரில் சமையல் உப்பு ஏறத்தாழ 360 கிராம் கரையும். காரீயக் குளோரைடு அறை வெப்பத்தில் சுமார் 10 கிராம். வெள்ளிக் குளோரைடு சுமார் 2 மில்லிகிராம், பேரியம் சல்பேட் சுமார் 2.5 மில்லிகிராம். பாடப்புத்தகப் பட்டியலில் இந்தக் கடைசி மூன்றும் 'கரையாத' கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஆனால் காரீயக் குளோரைடுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிழைப்பே நடக்கிறது.

சரி, பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கலவையை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்ப்பது. மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுவார்கள். துகள்கள் ஒரே நிறமா, ஒரே அளவா, ஏதாவது மினுங்குகிறதா, கையில் கனக்கிறதா? நம் வீட்டுப் பாட்டிகள் இதில் கைதேர்ந்தவர்கள். முறத்தை மேலும் கீழும் தட்டினால் புடைத்தல், பக்கவாட்டில் அசைத்துத் தள்ளினால் கொழித்தல், காற்றில் விட்டால் தூற்றுதல், சல்லடைக் கண்ணில் விட்டால் சலித்தல், தண்ணீரில் சுழற்றிக் கல்லை அடியில் தங்கவிட்டால் அரித்தல். ஒவ்வொரு அசைவும் வேறு ஒரு குணத்தைப் பிடிக்கிறது. உமியை விரட்டுவது எடை, குருணையைப் பிரிப்பது அளவு, அரிசிக் கல்லை அடியில் நிறுத்துவது அடர்த்தி. ஆற்று மணலில் தங்கம் அரிப்பவர் செய்வதும் அரிசியில் கல் அரிப்பதும் ஒரே வேலைதான். அங்கே அடியில் தங்குவதை எடுத்துக்கொள்கிறார்கள், இங்கே தூக்கி எறிகிறோம், அவ்வளவுதான்.

இந்த முறத்து வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியைப் பார்க்கலாம். அந்தக் கடற்கரையில் மணல் கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகப் படிந்திருக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே ரூட்டைல், சிர்கான், சில்லிமனைட், மோனசைட். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அடுத்த ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கிவிட்டது.

இந்த ஆறு கனிமங்களில் எதுவும் தண்ணீரில் கரையாது. ஆய்வக மேசையில் இருக்கும் நீர்த்த அமிலங்களுக்கும் எளிதில் மசியாது. ஆகவே கரைக்கிற பேச்சை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் குணத்தைக் கேட்கிறார்கள். முதலில் அடர்த்தி. சாதாரண மணலான குவார்ட்ஸ் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம். சில்லிமனைட் 3.2, கார்னெட் 4ஐ ஒட்டி, ரூட்டைல் 4.2, இல்மனைட்டும் சிர்கானும் 4.7 வாக்கில், மோனசைட் 5க்கும் மேல். மணலைத் தண்ணீரோடு குழம்பாக்கிச் சுருள் சறுக்குமரம் போன்ற ஒரு தொட்டியில் ஓடவிட்டால் கனமானவை உள் ஓரமாகவும் குவார்ட்ஸ் வெளி ஓரமாகவும் ஒதுங்கும். அப்புறம் காந்தம். இல்மனைட் நன்றாக இழுபடும், கார்னெட் அதைவிடக் குறைவாக, மோனசைட் இன்னும் குறைவாக. காந்தத்தின் வலுவைப் படிப்படியாக ஏற்றினால் ஒவ்வொன்றாக வந்துவிடும். சிர்கானும் ரூட்டைலும் காந்தத்தைக் கண்டுகொள்ளாது. அந்த இரண்டுக்கும் மின்சாரம். ரூட்டைல் ஓரளவு மின்கடத்தி, சிர்கான் கடத்தாது. உயர் மின்னழுத்தத்தில் மின்னூட்டம் ஏற்றிச் சுழலும் உருளை மேல் விட்டால், ரூட்டைல் தன் மின்னூட்டத்தை உருளைக்குக் கொடுத்துவிட்டு எகிறி விழும். சிர்கான் உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்றி வரும், பின்பக்கம் பிரஷ் வைத்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு சொட்டு அமிலம்கூடச் செலவாகாமல் கனிமங்கள் தனித்தனிக் குவியலாகிவிடும்.

இதைச் சின்ன அளவில் மேசையிலேயே செய்து பார்க்கலாம். பள்ளிக்கூடத்துச் சட்டக்காந்தம் போதாது, அது மேக்னடைட்டை மட்டும்தான் தூக்கும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால் உள்ளே கிடைக்கும் நியோடிமியம் காந்தம் இல்மனைட்டையும் கார்னெட்டையும் தூக்கிவிடும். காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுத்தான் மணல் மேல் கொண்டுபோக வேண்டும். நேரடியாகத் தொட்டால் துகள்கள் காந்தத்தில் அப்பிக்கொண்டு, அன்று பூராவும் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பையோடு தூக்கி, வேறு தாளுக்கு மேல் கொண்டுபோய், காந்தத்தை மட்டும் பையிலிருந்து உருவினால் எல்லாம் பொலபொலவென்று உதிரும். ஒரு தடவையில் சுத்தமாக வராது. இழுபடும் துகள்கள் நடுவில் மற்றதையும் அள்ளிக்கொண்டு வரும். மூன்று நான்கு முறை திருப்பிச் செய்ய வேண்டும். (இதற்காக மணவாளக்குறிச்சிக்குப் போய்ச் சாக்கில் அள்ளிவர வேண்டாம். மோனசைட் கதிரியக்கம் உள்ளது, சட்டக் கட்டுப்பாடும் உண்டு.)

அடர்த்தியை மேசையில் பிடிக்க இன்னொரு அழகான வழி, கனமான திரவம். புரோமோஃபார்மின் அடர்த்தி 2.89. பிரிபுனலில் அதை ஊற்றி மணலைக் கொட்டினால் குவார்ட்ஸ் மேலே மிதக்கும், கார்னெட்டும் சிர்கானும் அடியில் இறங்கும். குழாயைத் திறந்து அடிப்பகுதியை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் புரோமோஃபார்ம் நஞ்சு. அதனால் பல புவியியல் ஆய்வகங்கள் சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலுக்கு மாறிவிட்டன. அது தண்ணீரில் கரைத்த ஒரு உப்புதான். அடர்த்தியை 3க்குக் கொஞ்சம் மேல் வரை ஏற்றலாம். அந்தக் கரைசலில் கூழாங்கல்லைப் போட்டால் நெட்டித்தக்கை மாதிரி மிதக்கும். முதல் தடவை பார்க்கும்போது கண்ணை நம்ப முடியாது.

முறம், காந்தம், கனத் திரவம் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான். துகள்கள் ஒன்றையொன்று விட்டுத் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே மணல் துகளுக்குள் பாதி கார்னெட்டும் பாதி குவார்ட்ஸும் இருந்தால் எந்தக் காந்தமும் அதைப் பிரிக்காது. அரைத்தால் விடுபடும். ஆனால் ரொம்ப மாவாக அரைத்துவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு திரும்பவும் சிக்கல். எவ்வளவு அரைப்பது என்பது சுரங்கத் தொழிலில் தனி வித்தை. இரும்புத் தூளையும் கந்தகத்தையும் காந்தத்தால் பிரிக்கும் பள்ளிக்கூடச் சோதனையில் இரும்போடு மஞ்சள் தூசி ஒட்டிக்கொண்டு வருவதும் இதே தகராறுதான்.

சூடாக்கிப் பார்ப்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கற்பூரமும் அந்துருண்டையும் தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம், ஆனால் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகும். மணலோடு கலந்திருந்தால் கிண்ணத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, மேலே கவிழ்த்த புனலில் படிவதைச் சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். பதங்கமாதல் என்று பெயர். இப்படிப் பறக்கும் பொருள்கள் கொஞ்சம்தான் என்பதால் இந்த வழி அடிக்கடி கைகொடுப்பதில்லை.

இனி பாட்டில்கள். தண்ணீருக்கு அடுத்து வேறு கரைப்பான் என்ற யோசனைக்குக் கருமருந்து நல்ல பாடம். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும் கலந்தது அது. வெந்நீர் ஊற்றினால் வெடியுப்பு போய்விடும். மிச்சம் இருக்கும் கந்தகமும் கரியும் தண்ணீரைச் சட்டை செய்யாது. கார்பன் டைசல்பைடு ஊற்றினால் கந்தகம் கரைந்து இறங்கும், வடிதாளில் கரி மட்டும் நிற்கும். வடிநீர் உலர்ந்தால் மஞ்சள் படிகங்கள். ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த முறை இது. ஆனால் கார்பன் டைசல்பைடு ஆவி 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், பக்கத்தில் ஒரு சூடான தட்டு போதும். இன்று மாணவர் கையில் அதை யாரும் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது.

அடுத்தது அமிலமும் காரமும். இங்கே நாம் பொருளை அப்படியே கரைக்கவில்லை, அதை வேறொன்றாக மாற்றிக் கரைக்கிறோம். அலுமினியம் ஹைட்ராக்சைடும் இரும்பு ஹைட்ராக்சைடும் கலந்த வீழ்படிவில் (கரைசலிலிருந்து திடமாக விழுந்து படிவது) சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் அலுமினியம் கரைந்துபோகும், துருநிற இரும்பு அசையாமல் நிற்கும். சோதனைக் குழாயில் ஐந்து நிமிட வேலை. இதையே பாக்சைட்டில், அழுத்தத்தோடும் அதிகச் சூட்டோடும் செய்வதற்கு 1888இல் கார்ல் யோசெஃப் பாயர் காப்புரிமை வாங்கினார். உலகின் அலுமினிய உற்பத்தி பெரும்பாலும் இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்கு வந்ததும் இதற்காகத்தான். குழாய் அடியில் நிற்கும் அந்தத் துருநிற எச்சம், ஆலை அளவில் ஒரு செஞ்சேற்று மலை. பிரித்து எடுத்ததை விற்றுவிடலாம், மிஞ்சியதை எங்கே வைப்பது என்பது பாடப்புத்தகத்தில் வராத கேள்வி.

தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒற்றை ஆய்வக அமிலத்துக்கும் சாதாரணமாக அசையாது, இரண்டு அமிலங்கள் கலந்த இராஜ திராவகம்தான் வேண்டும் என்று படித்திருப்போம். ஆனால் மிக நீர்த்த சயனைடு கரைசலில், காற்று பட்டுக்கொண்டிருந்தால், மெல்லக் கரைந்துவிடும். 1887இல் ஸ்காட்லாந்தில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் இதைத் தொழில்முறை ஆக்கினார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலிலும் அரைத்த பாறைமாவிலிருந்து இப்படித்தான் தங்கத்தை இறக்கினார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. ஊரைச் சுற்றி நிற்கும் வெளிறிய மண்மேடுகள், கரையாமல் நின்றுபோன பாறைமாவு. அங்கே அதைச் சயனைடு மலை என்பார்கள்.

இப்போது கொஞ்சம் நிதானமாக ஒரு பிரிப்பைப் பார்ப்போம். வேதியியல் படித்தவர்கள் எல்லோரும் முதல் தொகுதி என்று சொல்லும் மூன்று குளோரைடுகள்: வெள்ளி, காரீயம், பாதரசம். ஒரு தெரியாத கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் வெள்ளையாக வீழ்படிவு விழுகிறது. மூன்றும் வெள்ளை, மூன்றும் தண்ணீரில் 'கரையாதவை'. பகுப்பாய்வை ஒரு ஒழுங்கான வரிசையாக 1841இல் எழுதி வைத்தவர் ஃப்ரெசீனியஸ் என்ற ஜெர்மானியர். இன்று நம் கல்லூரிகளில் நடப்பதும் ஏறத்தாழ அந்த வரிசைதான்.

முதல் அடி, கொதிநீர். காரீயக் குளோரைடு குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் என்றால், கொதிநீரில் 33 கிராம். வீழ்படிவைக் கொதிக்கவைத்துச் சூட்டோடு வடிகட்டினால் காரீயம் மட்டும் இறங்கிவிடும். எழுத்தில் ஒரு வரி. கையில் செய்யும்போது வேறு கதை. புனல் குளிர்ந்திருந்தால் கரைசல் தாளிலேயே ஆறிப்போய், காரீயம் ஊசிஊசியாக அங்கேயே படிந்துவிடும். ஆகவே முதலில் வெறும் கொதிநீரை ஊற்றிப் புனலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். தாளை ஈரப்படுத்திக் கண்ணாடியோடு குமிழி இல்லாமல் ஒட்டவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சொட்டுச்சொட்டாக இறங்கி எல்லாம் ஆறிவிடும். நல்லபடியாக வந்தால், வடிநீர் ஆற ஆற, குழாயில் வெள்ளை ஊசிகள் மின்னிக்கொண்டு இறங்கும். அதில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள். அந்த மஞ்சளைச் சூடாக்கிக் கரைத்து மறுபடி ஆறவிட்டால் தங்கத் துகள் மழை. உப்புப் பகுப்பாய்வு முழுவதிலும் மாணவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டும் காட்சி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் அடி, தாளில் மிஞ்சியதன் மேல் அம்மோனியா. வெள்ளிக் குளோரைடு அம்மோனியாவோடு சேர்ந்து, அணைவு எனப்படும் கரையும் கூட்டாகி, நிறமில்லாமல் இறங்கிவிடும். பாதரசக் குளோரைடு அதே இடத்தில் கறுத்துப்போகும். அது இரண்டாகப் பிளந்து, பாதி நுண்ணிய உலோகப் பாதரசமாக ஆகிவிடுவதால் வரும் கறுப்பு. இறங்கிய வடிநீரில் நைட்ரிக் அமிலம் விட்டால் வெள்ளி மறுபடி தயிராகத் திரளும். ஒரே பாட்டில் ஒன்றைக் கரைக்கிறது, மற்றொன்றுக்குக் கறுப்புச் சாயம் பூசிவிடுகிறது. மூன்றும் பிரிந்துவிட்டன.

புத்தகத்தில் இல்லாத இடத்தில்தான் கால் வழுக்கும். காரீயத்தைச் சரியாகக் கழுவி வெளியேற்றாமல் அம்மோனியா விட்டால், அதுவும் வெள்ளையாக வேறொன்றாக மாறித் தாளிலேயே நின்று குழப்பும். பாதரசம் நிறையவும் வெள்ளி கொஞ்சமாகவும் இருந்தால், பிறந்த பாதரச உலோகம் வெள்ளிக் குளோரைடை வெள்ளி உலோகமாகவே மாற்றிவிடும். அந்த வெள்ளி கறுப்புக்குள் ஒளிந்துகொள்ளும். மாணவர் 'வெள்ளி இல்லை' என்று எழுதுவார், மதிப்பெண் போகும். அவர் மேல் குற்றமில்லை. அப்புறம், வெள்ளி இறங்கிய அந்த அம்மோனியா கரைசலை மூடிவைத்து நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடக்கூடாது. நாள்பட்டால் வெடிக்கக்கூடிய பொருள் அதில் உருவாகும். வேலை முடிந்ததும் அமிலம் விட்டு முறித்துவிட வேண்டும்.

வெள்ளி உப்புகளைப் பற்றிப் பேசும்போது பழைய போட்டோ ஸ்டுடியோ இருட்டறை நினைவுக்கு வராமல் இருக்காது. டெவலப்பரிலிருந்து எடுத்த தாளில் கறுப்பு வெள்ளி உலோகத் துகளும், ஒளி படாத வெள்ளி புரோமைடும் கலந்திருக்கும். இரண்டும் தண்ணீரில் கரையாதவை, இரண்டும் ஒரே ஜெலட்டின் படலத்தில் சிக்கியவை. தாளை ஹைப்போவில், அதாவது சோடியம் தயோசல்பேட் கரைசலில், அமிழ்த்தினால் புரோமைடு மட்டும் கரைந்து வெளியேறும், படம் தங்கும். ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். 1839இல் புகைப்படம் பிறந்தபோது அவருடைய இருபது வருடப் பழைய கவனிப்பு அங்கே போய்ப் பொருந்தியது. கரைந்துபோன வெள்ளியும் வீணாகவில்லை. பழைய ஹைப்போவை விலை கொடுத்து வாங்கிப்போக ஆள் இருந்தார்கள்.

இனி என் பொட்டலத்துக்கு வருகிறேன். உதவியாளர் சொன்னபடி அலமாரியிலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்து விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. கார்பனேட். நுரை அடங்கியபோது பாதி மாவு காணாமல் போயிருந்தது, மீதி அசையாமல் கிடந்தது. வடிகட்டினேன். வடிநீரில் கால்சியம். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியை நைட்ரிக்கில் போட்டேன், அம்மோனியாவில் போட்டேன், அம்மோனியம் அசிடேட்டில் கொதிக்கவைத்தேன். காரீய சல்பேட்டாக இருந்திருந்தால் அதில் கரைந்திருக்கும். இது எதற்கும் அசையவில்லை. பேரியம் சல்பேட்டாக இருக்கலாம் என்று அப்போது புரிந்தது.

அமிலத்துக்கும் காரத்துக்கும் இடம் கொடுக்காத பொருளை என்ன செய்வது? ஒரு கரையாத பொருளை இன்னொரு கரையாத பொருளாக மாற்றிவிடுவது. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். பேரியம் சல்பேட்டை அடர்ந்த சோடியம் கார்பனேட் கரைசலில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் அது பேரியம் கார்பனேட்டாக மாறும். அதுவும் தண்ணீரில் கரையாது, ஆனால் அமிலத்தில் கரையும். இவ்வளவுதான் நமக்கு வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இரண்டில் அதிகம் கரையாதது சல்பேட்தான். ஆகவே இயல்பான ஓட்டம் கார்பனேட்டிலிருந்து சல்பேட்டுக்கு. எதிர்த்திசையில் தள்ள வேண்டுமென்றால் கரைசலில் கார்பனேட், சல்பேட்டைவிடச் சில பத்து மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். வினை நடக்க நடக்கச் சல்பேட் சேரும், ஓட்டம் நின்றுவிடும். அப்போது கரைசலை இறுத்துவிட்டுப் புதிதாகச் சோடியம் கார்பனேட் ஊற்றி மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். வினைகள் எந்தப் பக்கம் ஓடும் என்பது அளவைப் பொறுத்தது என்ற விதியை நார்வேயில் குல்ட்பெர்க்கும் வாகேயும் 1864இல் எழுதியபோது அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இந்தப் பேரியம் சல்பேட்டும் ஒன்று.

நான் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்தேன். வடிகட்டினேன். அவசரம், மணி அடிக்கப் போகிறது. தாளில் இருந்ததை ஒரே ஒரு முறை கழுவிவிட்டு அமிலத்தை விட்டேன். நுரைத்தது. சந்தோஷத்தில் பக்கத்து மேசை நண்பனைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்ப்பதற்குள் குழாய் மறுபடி வெள்ளையாகக் கலங்கி, பழைய மாவே அடியில் உட்கார ஆரம்பித்தது.

நடந்தது எளிது. தாளில் சோடியம் சல்பேட் ஒட்டியிருந்தது. அமிலத்தில் விடுதலையான பேரியம் அந்தச் சல்பேட்டைக் கண்டதும் போய் ஒட்டிக்கொண்டது. அரைமணி நேரப் பாடு ஒரு நொடியில் திரும்பிப் போய்விட்டது. கழுவுவது என்றால் ஒருமுறை தண்ணீர் காட்டுவது இல்லை. வெந்நீரால் திரும்பத் திரும்பக் கழுவி, கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து அமிலமாக்கி, பேரியம் குளோரைடு இரண்டு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கலங்கினால் இன்னும் சல்பேட் இருக்கிறது. கலங்குவது நிற்கும் வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மறுநாள் வந்து ஏழெட்டு முறை கழுவிய பிறகுதான் எனக்கு அது தெளிந்தது.

பிற்பாடு மேரி கியூரியின் ரேடியப் பிரிப்பைப் படித்தபோது இந்த இடம் எனக்குத் தெரிந்த இடமாக இருந்தது. போஹிமியாவின் யோவாகிம்ஸ்டால் சுரங்கத்திலிருந்து, யுரேனியம் எடுத்த பிறகு கொட்டிக்கிடந்த கழிவை மூட்டை மூட்டையாக வரவழைத்தார். அதில் ரேடியம் சல்பேட்டாகப் பேரியம் சல்பேட்டோடு ஒட்டிக்கிடந்தது. அவரும் அதைச் சோடியம் கார்பனேட்டில் கொதிக்கவைத்துக் கார்பனேட்டாக மாற்றி, நன்றாகக் கழுவி, அமிலத்தில் கரைத்தார். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கந்தக அமிலம் துளியும் கலந்திருக்கக் கூடாது என்று தனியாகக் குறிப்பிடுகிறார். ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரைசலை வடிகட்டிய பிறகு மறுபடி சல்பேட்டாக வீழ்த்தியதில், ஒரு டன் கழிவிலிருந்து 10 முதல் 20 கிலோ சல்பேட் கிடைத்தது. அதற்குப் பிறகு பேரியத்திலிருந்து ரேடியத்தைப் பிரிக்கப் படிகமாக்கல், திரும்பப் படிகமாக்கல் என்று நீண்ட வேலை. 1902இல் கையில் வந்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு.

பேரியம் சல்பேட்டும் பேரியம் கார்பனேட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் கனம், இரண்டும் தண்ணீரில் கரையாது. வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் குடிக்கக் கொடுப்பது சல்பேட்டை. பேரியம் நஞ்சு என்றாலும், வயிற்றிலுள்ள அமிலத்திலும் சல்பேட் கரையாது என்பதால் வந்த வழியே போய்விடும். கார்பனேட் அப்படியல்ல, வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 2003இல் பிரேசிலில் எக்ஸ்ரேக்காகக் கொடுத்த பேரியம் சல்பேட் மருந்தில் கார்பனேட் கலந்திருந்து பலர் இறந்தார்கள். கார்பனேட்டிலிருந்து சல்பேட் தயாரிக்கும்போது, உருவாகும் சல்பேட் ஒவ்வொரு துகளையும் வெளியிலிருந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளக்கூடும். உள்ளே இருக்கும் கார்பனேட் மாறாமல் தங்கிவிடும். தண்ணீரில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சிட்டிகையை நன்றாக அரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விட்டால், கார்பனேட் கணிசமாக இருக்கும் பட்சத்தில், என் குழாயில் வந்த அதே புஸ் சத்தம் வரும்.